பாட்டு டீச்சர் மூன்று விதமாகக் கட்டணம் வாங்கலாமா?

திருச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். வயது 41, வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். வீட்டுக் கூடத்தில் தொடங்கிய வகுப்பு இப்போது மாதம் 8,000 ரூபாய் வாடகையில் ஒரு மாடி ஹாலில் நடக்கிறது. 32 பிள்ளைகள். கட்டணம் எல்லோருக்கும் 1,200 ரூபாய் என்று பெயர்தான். 23 பேர் முழுதாகக் கொடுக்கிறார்கள், 5 பேரிடம் பாதி வாங்குகிறார், 4 பேரிடம் வாங்குவதே இல்லை. யாரிடம் எவ்வளவு என்பது அவர் மனதில் மட்டும் இருந்த கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டு உடைத்தது ஜன்னல் ஓரம் இருந்த பேசும் பெட்டி. க்யூஆர் அட்டையில் பணம் போட்டதும் தொகையைச் சத்தமாகச் சொல்லுமே, அதுதான். ஒரு மாலை, வகுப்பு முடிகிற நேரம், பெட்டி 600 ரூபாய் வந்தது என்றது. அடுத்த நிமிடமே 1,200 ரூபாய் வந்தது என்றது. இரண்டாவதாகப் பணம் போட்ட தாய், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த முதல் தாயைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் கேள்வி: "எங்களுக்கு மட்டும் ஏன் டபுள்?"

இப்போது வாசகி, வருகிற ஜூனிலிருந்து எல்லாவற்றையும் வெளிப்படையாக்கி 600, 1,200, 1,800 என்று மூன்று படி வைத்து, அவரவரால் முடிந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா என்று கேட்கிறார். கூடவே சில பயங்கள். ஒரே வகுப்புக்கு வேறு வேறு விலை வைத்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும் என்று ஒரு பெற்றோர் சொன்னாராம், அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. குறைந்த படி கேட்பவர்களிடம் ரேஷன் கார்டு நகலோ வருமானச் சான்றோ வாங்க வேண்டுமா? அதிகம் கொடுப்பவர்களுக்கு நன்கொடை ரசீது போட்டுக் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்குமா? 1,800தான் உண்மையான விலை என்று சொல்லி வரித்துறை மற்றவர்களுக்கும் சேர்த்து வரி போடுமா? வயலின் சொல்லித்தரும் தோழி பார்ட்னர்ஷிப்பாகப் பதிவு செய்யலாம் என்கிறாரே, செய்யலாமா? கடைசியாக, எல்லோரும் 600ஐயே தேர்ந்தெடுத்துவிட்டால்?

டீச்சர் (உங்களை அப்படியே கூப்பிடுகிறேன்), உங்கள் கடிதத்தில் ஆறு கேள்விகள் இருக்கின்றன. சட்டத்தைப் பற்றிய ஐந்துக்கும் பதில் சுலபம், பெரும்பாலும் நல்ல பதில். கடைசிக் கேள்விதான் சிக்கல். ஆனால் அது நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை. எல்லோரும் 600ஐத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, நீங்கள் போட்டிருக்கிற நடுப்படியே உங்களுக்கு நஷ்டம். அதற்கு வருகிறேன். முதலில் பயங்களைத் தீர்த்துவிடுவோம்.

ஒரே வகுப்பு, வேறு வேறு விலை: குற்றமா?

இல்லை. அந்தப் பெரியவர் எம்.ஆர்.பி.யை மனதில் வைத்துப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்ற விதி, பொட்டலம் கட்டி விற்கும் பொருளுக்கு. பாட்டு வகுப்புக்கு எம்.ஆர்.பி. கிடையாது. நீங்கள் ஒரு தொகை சொல்கிறீர்கள், பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள், அதோடு ஒப்பந்தம் முடிந்தது. தொகை குறைவாக இருப்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமொப்பிச் சம்மதித்தால் அது செல்லும். நாங்கள் படித்த காலத்தில் இந்தக் குதிரையை மனப்பாடம் செய்யாதவர் கிடையாது.

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கவனிப்பது வேறு. விலையைப் பற்றி ஆளை ஏமாற்றக் கூடாது, சேவைக்கு ரசீது கொடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே, "வழக்கமான கட்டணம் 3,000, உங்களுக்கு மட்டும் 1,500" என்று நீங்கள் ஒருநாளும் வாங்காத ஒரு தொகையை எழுதிவைத்தால்தான் வம்பு. மூன்று தொகையையும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே தாளில் காட்டினால் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கே இடமிருக்காது. அவருக்குக் கோபம் 600 ரூபாயால் வரவில்லை. அப்படி ஒரு 600 இருப்பது தனக்குத் தெரியவில்லையே என்றுதான் வந்தது. அவருக்கும் அந்த மாதம் கஷ்டமாக இருந்திருக்கலாம், யார் கண்டது.

ஒன்று மட்டும். ஹால் கொடுத்திருக்கிற சங்கத்தார், தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை போடச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை ஏற்காதீர்கள். கையிருப்பை வைத்துக் கட்டணம் மாறுவது ஒன்று, பிறப்பை வைத்து மாறுவது முற்றிலும் வேறு. அதை உங்கள் மூன்று படிக்குள் கொண்டுவந்தால் மற்ற இரண்டு படியும் கெட்டுப்போகும்.

வரித்துறை என்ன பார்க்கும்?

கைக்கு வந்த பணத்தைப் பார்க்கும், வந்திருக்கலாம் என்ற பணத்தைப் பார்க்காது. அதிக லாபம் சம்பாதிக்க வேண்டும் என்று வியாபாரியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, சம்பாதித்திருக்கக்கூடிய ஆனால் சம்பாதிக்காத தொகைக்கு வரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. ஜி.எஸ்.டி.யிலும், உறவினரல்லாத இருவருக்குள் உண்மையில் கைமாறிய விலையே கணக்கு. உங்களுக்கு அந்தப் பேச்சே எழாது. சேவை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு, உங்கள் வரவு அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வெளி மாநிலமான பெங்களூரிலிருந்து ஆன்லைனில் இரண்டு பேர் கற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதனாலும் இது மாறாது.

அதுபோக, கலை, பண்பாடு சார்ந்த பயிற்சியைத் தனிநபர் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கே இருக்கிறது. "தனிநபர்" என்ற சொல் முக்கியம். முன்பு யார் நடத்தினாலும் விலக்கு இருந்தது. 2022 ஜூலை 18 முதல் தனிநபருக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். இப்போது உங்கள் தோழியின் யோசனையைப் பாருங்கள். இருவரும் சேர்ந்து பார்ட்னர்ஷிப் போட்ட அன்றைக்கு இந்த விலக்கு கையைவிட்டுப் போகும். 20 லட்சம் என்ற வேலி மட்டும் மிஞ்சும், அதுவும் இருவர் வரவையும் கூட்டித்தான் பார்க்கப்படும். வருமான வரியிலும், தனிநபருக்கு இருப்பதுபோல் இவ்வளவு வரை வரியில்லை என்ற சலுகை பார்ட்னர்ஷிப்புக்குக் கிடையாது. லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். பார்ட்னர்களுக்குச் சம்பளம் போட்டுக் குறைக்க வழி உண்டு என்றாலும், ஒரு ஹாலைப் பகிர்ந்துகொள்ள இவ்வளவு ஏற்பாடு எதற்கு? வாடகையை எப்படிப் பிரிப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டுக்கு நீங்கள் ரசீது கொடுங்கள், வயலினுக்கு அவர் கொடுக்கட்டும்.

நன்கொடை ரசீது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய நன்கொடை வரிச்சலுகை, வருமான வரித் துறையின் ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைகளுக்கும் நிதிகளுக்கும் கொடுத்தால்தான். தனிநபரான நீங்கள் அப்படி ரசீது கொடுக்க முடியாது. அறக்கட்டளை வைத்திருந்தாலும், தன் பிள்ளை படிக்கிற வகுப்புக்குக் கொடுக்கிற பணம் கட்டணம்தான், நன்கொடை ஆகாது. இன்னொரு விஷயம், புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. இல்லாத சலுகைக்காக நீங்கள் தப்பான தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். 2,200 வாங்கினால் "இசைப் பயிற்சிக் கட்டணம் 2,200" என்றே எழுதுங்கள். (அது என்ன 2,200 என்கிறீர்களா? பொறுங்கள்.)

இதோடு ஒட்டியது ஒன்று. விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கோடு வைக்கிற பணமும் வரவுதான். அது தட்சிணை, வருமானமில்லை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். திருவனந்தபுரத்தில் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த ஒருவருக்கு இங்கிலாந்துச் சீடர் ஒருவர் கொடுத்த பணம் வருமானமா, அன்பளிப்பா என்ற வழக்கு 1950களின் கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேதாந்தம் கற்பிப்பதும் ஒரு தொழில், அதனால் வந்த பணம் வருமானம் என்றுதான் தீர்ப்பு. அவர் யாரிடமும் கட்டணம் கேட்டவரே இல்லை. நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள், போதும். உங்கள் வருமானத்துக்கு இன்றைய நிலையில் வரி எதுவும் வராது. ஆனால் வங்கிக் கடனுக்குப் போகிற அன்று அந்த நோட்டு பேசும்.

அந்த 1,200 எங்கிருந்து வந்தது?

இப்போது முக்கியமான இடம். நடுப்படி ஏன் 1,200 என்பதற்கு நீங்கள் எழுதிய காரணம்: "பக்கத்துத் தெரு பரதநாட்டியம் கிளாஸிலும் அவ்வளவுதான்." டீச்சர், அவர் சொந்த வீட்டு மொட்டை மாடியில் நடத்துகிறார் என்று நீங்களே அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்து நான் கூட்டிப் பார்த்தேன். வாடகை, கரன்ட், இன்டர்நெட், மாதம் ஒருநாள் வந்து வாசிக்கிற மிருதங்கக்காரருக்கு, எல்லாம் சேர்த்து மாதம் 12,000. மே மாதம் வகுப்பில்லை, கட்டணமும் இல்லை, ஆனால் வாடகைக்கு விடுமுறை கிடையாது. எனவே 12 மாதச் செலவு 1,44,000. இப்போது 11 மாத வசூல் 3,36,600. கழித்தால் 1,92,600, மாதத்துக்கு 16,050. வாரம் 15 மணி நேரம் வகுப்பெடுக்கிறீர்கள். மணிக்கு 270 ரூபாய்கூட இல்லை. சரளி வரிசையில் தடுக்கி விழுகிற பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து அரை மணி கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதும், ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் அலைவதும் இதில் சேரவில்லை.

ஆக, இதுவரை அந்த 9 பிள்ளைகளுக்கான சலுகையை யார் கொடுத்தது? நீங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து, சொல்லாமல், எழுதாமல். படிநிலைக் கட்டணம் என்பது அந்தச் சுமையை முடிந்த மற்ற குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளக் கேட்பது. அப்படிக் கேட்பதற்கு முன் சுமை எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

குடும்பத்துக்கு மாதம் 30,000 வந்தால் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 3,60,000. செலவு 1,44,000. மொத்தம் 5,04,000. 32 இடத்தில் 2 இடத்தை ஒதுக்கிவையுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். 30 பேர், 11 மாதம். வகுத்தால் தலைக்கு 1,527. அதாவது ஒரு பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க உண்மையில் ஆகிற செலவு ஏறக்குறைய 1,530 ரூபாய். 1,200 முழுக் கட்டணமே இல்லை, அதுவே தள்ளுபடி. நீங்கள் எல்லோருக்கும் தள்ளுபடி கொடுத்துவிட்டு, அதிலும் சிலருக்குப் பாதி தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் 600, 1,200, 1,800 திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 8 பேர் கீழ்ப்படி, 16 பேர் நடுப்படி, 6 பேர் மேல்படி என்று ஓரளவு நல்லபடியாகவே அமைந்தாலும் உங்களுக்கு மாதம் நிற்பது 19,900. நீங்கள் பயப்படுவதுபோல் பாதிப் பேர் கீழ்ப்படிக்குப் போய், மேலே 3 பேர்தான் என்றால் 14,400. இப்போது வருவதைவிடக் குறைவு.

என் ஆலோசனை 800, 1,550, 2,200. முதலில் சொன்ன 8, 16, 6 என்ற அமைப்பில் ஆண்டு வசூல் 4,88,400. தேவையான தொகைக்கு 15,600தான் குறை, அதை, விடுமுறையில் நீங்கள் நடத்துகிற மே மாதப் பட்டறை தாங்கும். பாதிப் பேர் கீழே இறங்கிய மோசமான நிலையிலும் மாதம் 22,100 நிற்கும். இன்றைய நிலையைவிட ஆறாயிரம் அதிகம். 1,200 கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1,550 என்றதும் ஒன்றிரண்டு பேர் நின்றுவிடலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். உடனே இடம் நிரப்ப ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். காத்திருப்போர் யாரும் இல்லை என்றால் முதல் வருடம் நடுப்படியை 1,400இல் வைத்து அடுத்த ஜூனில் ஏற்றுங்கள்.

கீழ்ப்படிக்கு எத்தனை இடம் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். 30இல் 8 என்றால் 8. கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். ஹால் வாடகை கட்ட முடியாமல் வகுப்பு மூடினால் அந்த எட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வேறு வழி இருக்காது, மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

ரேஷன் கார்டு கேட்கலாமா?

கேட்க வேண்டாம். தடை என்பதால் சொல்லவில்லை, பயனில்லை என்பதால். வருமானச் சான்று வாங்க இ-சேவை மையத்துக்கு ஒரு நடை, அப்புறம் விசாரணைக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்க ஒரு நடை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கிற 750 ரூபாயில் பெரும்பகுதி அந்த அலைச்சலிலேயே போய்விடும். அந்தத் தாளில் வருமானம் இருக்கும், மருந்துச் செலவு இருக்காது, கடன் இருக்காது. அரிசி கார்டு வைத்திருக்கிற வசதிக்காரர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்கு மேல், 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்தாகிவிட்டது. எட்டு வீட்டு ரேஷன் கார்டு நகலை உங்கள் போனின் கேலரியில் பிள்ளைகளின் போட்டோக்களுக்கு நடுவே வைத்திருக்கும் பொறுப்பு உங்களுக்கு எதற்கு?

"ஒருவர் காரில் வந்து இறங்கி, 600 போதுமா என்று கேட்டார், எனக்கு எரிச்சலாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், கார் வைத்திருப்பவர்களின் கணக்கைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் எத்தனை கார் வங்கியுடையது, எத்தனை வீடு மூன்று இ.எம்.ஐ.க்கு நடுவே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் அந்தக் காரை ஓட்டும் டிரைவராகவும் இருக்கலாம். ஏமாற்றுகிறவர் ஒருவர் இருவர் இருப்பார்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்கப் போடுகிற வலையில் முதலில் சிக்குவது, கூச்சப்பட்டுக் கேட்காமலே நின்றுவிடுகிற குடும்பம்.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டிப் பார்ப்பதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பது நோயாளியின் முடிவு, வருமானச் சான்று கேட்பதில்லை. டாக்டர்களும் ஆபரேஷனும் ஒன்றே. வித்தியாசமெல்லாம் அறை, கட்டில் போன்ற வசதிகளில். அதனால் வசதியுள்ளவர் தானாகவே பணம் கட்டும் பக்கம் போகிறார். ஆனால் உங்கள் நிலைமை அதைவிடக் கஷ்டம், அதையும் மறைக்கக் கூடாது. உங்களிடம் ஏ.சி. அறை, பொது வார்டு என்று பிரிக்க எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே பாயில்தான் உட்கார்கிறார்கள், ஒரே சுருதிப்பெட்டிதான். 2,200 கொடுப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை, கொடுக்கவும் கூடாது. ஆண்டு விழாவில் முன்வரிசை, முதல் பாட்டு என்று ஒரு தடவை விட்டுக்கொடுத்தாலும், மேல்படி என்பது மேடைக்கு விலை ஆகிவிடும்.

எனவே எல்லாம் நீங்கள் கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. "வசதியில்லாதவர்களுக்குச் சலுகை" என்று எழுதினால் கேட்க வேண்டியவர் கேட்க மாட்டார். நடுப்படியை "முழுக் கட்டணம்" என்றே அழையுங்கள், அது நிஜமும்கூட. ஜூன் பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாப் பெற்றோருக்கும், குரூப்பில் போடாமல் தனித்தனியாக, இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். ஒரு பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க மாதம் 1,550 ரூபாய் ஆகிறது. அதுதான் முழுக் கட்டணம். இந்த வருடம் அது வீட்டுச் செலவை நெருக்கும் என்றால் 800 ரூபாய் போதும், 8 இடங்கள் வைத்திருக்கிறேன். காரணம் சொல்ல வேண்டாம். முழுக் கட்டணத்துக்கு மேல் கொடுக்க முடிகிறவர்கள் 2,200 கொடுத்தால் அந்த 8 இடங்களைத் தாங்க உதவும். சொல்லிக்கொடுப்பதில் எந்த வித்தியாசமும் இருக்காது. உங்கள் தொகையை எனக்கு மட்டும் பதிலாக அனுப்புங்கள். அடுத்த ஜூனில் மறுபடி கேட்பேன், நடுவில் நிலைமை மாறினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்."

"போதும்" என்ற சொல்லை மாற்றாதீர்கள். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டில் யார் எவ்வளவு என்று ஊருக்கே வாசிப்பார்கள், அந்தப் பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது. கட்டணம் மட்டும் அப்படி ஆகக் கூடாது. பேசும் பெட்டியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். பணம் நேராக உங்கள் போனுக்கு வரட்டும், ரசீதும் தனியாகப் போகட்டும். நின்றுபோகிறவருக்குத் திருப்பித் தருவதாக இருந்தால் அவர் கட்டிய தொகையில் மீதியைத்தான் தருவீர்கள் என்பதையும் சேர்க்கைத் தாளில் ஒரு வரி போடுங்கள்.

மே மாதப் பட்டறை

இதற்கு இதே மூன்று படி பொருந்தாது. வெளியூர் வித்வானுக்குச் சன்மானம், ஹால், சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே கைவிட்டுப் போகிற பணம். வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பின் தெரியாதவர்கள். நிலையான செலவுக்கு எத்தனை முழுக் கட்டண இடம் வேண்டுமோ அதை முதலில் எண்ணுங்கள். குறைந்த கட்டணத்துக்கு நாலைந்து இடம் மட்டும் வைத்து, முதல் நாளிலிருந்தே அதையும் திறந்துவையுங்கள். கடைசியில் மிச்சமிருந்தால் தருவோம் என்றால் அது மிச்சச் சோறு மாதிரி ஆகிவிடும். பழைய மாணவர்களில் வேலைக்குப் போய்விட்டவர்களிடம், ஒரு பிள்ளையின் இடத்துக்குப் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுச் செலவை மட்டும் யாரிடமும் குறைக்காதீர்கள், அது அப்படியே கையிலிருந்து போகிற பணம்.

இலவசமாகப் படிக்கிற அந்த நான்கு பேர்

பூக்கார அம்மாவின் இரண்டு பெண்களுக்காகத்தான் நான் இரண்டு இடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு அந்த அம்மா ஒரு முழம் பூ கொண்டுவந்து வைக்கிறார், காசு கொடுத்தால் வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் இலவசம் இல்லை, அந்த ஏற்பாட்டில் நான் கைவைக்க மாட்டேன். மற்ற இரண்டு பேரின் கதை வேறு. அப்பாவுக்கு வேலை போன வருடம் வாங்குவதை நிறுத்தினீர்கள், அதற்குப் பிறகு கேட்கவே சங்கடமாக இருந்தது என்கிறீர்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவருக்கு இப்போது வேலை கிடைத்திருக்கலாம், தானாக வந்து சொல்ல அவருக்கும் சங்கடம் இருக்கலாம். எல்லோருக்கும் போகிற அதே செய்தியை, ஒரு எழுத்தும் மாற்றாமல், அவருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நேரில் ஒரு தடவை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "800 முடியுமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?" என்று கேட்டால் போதும். இன்னும் கொஞ்ச நாள் என்றால், இந்த வருடம் அந்த இரண்டு இடத்தின் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். ஆனால் இம்முறை அது நோட்டில் எழுதியிருக்கும்.